காத்திருக்கக்கூடிய வேலையாகத் தேடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். எட்டு வருடமாக ஜாவா பேக்எண்ட் டெவலப்பராக வேலை செய்கிறேன். டேட்டாபேஸ் பக்கமும் நன்றாகவே தெரியும். வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்பதால், இருக்கிற வேலையை விடாமல் பகுதி நேரமாக ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். இரண்டு ஃப்ரீலான்ஸ் தளங்களில் ப்ரொபைல் போட்டு, முப்பதுக்கும் மேல் ப்ரொபோசல் அனுப்பியாயிற்று. வந்தது ஒரே ஒரு பதில். அதுவும் என் அக்கவுன்ட்டை மாத வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டு! இதற்கிடையில், முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறார். தினமும் இரவு மூன்று மணி நேரம் அவருக்கு வேலை செய்து தர முடியுமா என்று கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? வேறு எங்கே தேடுவது? என் கம்பெனியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அக்கவுன்ட்டை வாடகைக்குக் கேட்டவருக்குப் பதிலே போடாதீர்கள். தளத்தில் புகார் செய்துவிட்டு அவரை பிளாக் செய்துவிடுங்கள். சும்மா கிடக்கிற ப்ரொபைல்தானே, கொடுத்தால் என்ன என்று தோன்றும். 2022 மே மாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை, நிதித் துறை, எஃப்பிஐ மூன்றும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. வட கொரிய ஐடி ஊழியர்கள் தங்கள் அடையாளத்தை மறைத்து, வேறு நாட்டவர்களின் பெயரில் இருக்கும் ஃப்ரீலான்ஸ் கணக்குகள் வழியாக வேலை எடுக்கிறார்கள், அந்தப் பணம் அவர்கள் அரசின் ஆயுதத் திட்டங்களுக்குப் போகிறது என்பதுதான் அதன் சாரம். உங்களிடம் கேட்டவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யாராக இருந்தாலும், நாளைக்கு விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கணக்குக்கு அடையாள அட்டை கொடுத்த நீங்கள்தான்.

மோசடிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை தருகிறேன் என்று கூப்பிட்டு, 'இந்த ரெப்போவை (கோட் தொகுப்பை) இறக்கி ஓட்டிப் பாருங்கள், ஒரு சின்ன டெஸ்ட்' என்று அனுப்புவார்கள். 2023 நவம்பரில் சைபர் பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 குழு இப்படி ஒரு தாக்குதலை அம்பலப்படுத்தியது. நேர்காணல் என்ற பெயரில் டெவலப்பர்களைக் கூப்பிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் கோடைப் பகிரும் என்பிஎம் தளத்தின் பேக்கேஜுக்குள் மால்வேரை வைத்து, அவர்கள் கையாலேயே ஓட்டவைத்தார்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோடை விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் தனியாகப் பிரித்து வைத்த இன்னொரு கணினியில்) மட்டும் ஓட்டுங்கள். ஆபீஸ் லேப்டாப் பக்கம் அதைக் கொண்டே போகாதீர்கள். அப்புறம், வேலை கொடுப்பதற்கு முன் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, கம்பெனி விஷயத்துக்கு வருவோம். 'சொல்லியே ஆக வேண்டுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கான பதில் நீங்கள் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதில் சம்பளப் பக்கத்தை மட்டும்தான் படித்திருப்பார்கள். இப்போது மூன்று பகுதிகளைத் தேடிப் படியுங்கள்: வெளி வேலை பற்றிய பகுதி, நீங்கள் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்கிற பகுதி, போட்டியாளருக்கு வேலை செய்வது பற்றிய பகுதி. கம்பெனியின் ஊழியர் கையேட்டையும் பாருங்கள். ஒப்பந்தத்தில் சொல்லாததைச் சில கம்பெனிகள் அதில் சொல்லியிருக்கும்.

இந்த மூன்றில் ஆட்கள் அதிகம் அலட்சியமாக விடுவது நடுவில் உள்ளதைத்தான். ஸ்டீவ் வாஸ்னியாக் முதல் ஆப்பிள் கணினியை வடிவமைத்தபோது எச்பியில் கால்குலேட்டர் பிரிவில் பொறியாளர். வேலையில் இருக்கும்போது வடிவமைத்ததால் அதை முதலில் எச்பியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் 1976இல் ஆப்பிள் பிறந்தது. அவர்கள் வேண்டும் என்று சொல்லியிருந்தால் கதையே வேறு.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. டெக்சாஸில் ஒரு புரோகிராமர், பழைய கோடைப் புதிய மொழிக்குத் தானாக மாற்றும் ஒரு வழியைத் தன் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். எழுதிக்கூட வைக்கவில்லை. வேலைக்குச் சேருவதற்கு முன்பே வந்த யோசனை என்றும் வாதாடினார். கம்பெனி வழக்குப் போட்டது, 2004இல் மேல்முறையீட்டிலும் கம்பெனிதான் ஜெயித்தது. எல்லா இடத்திலும் சட்டம் இவ்வளவு கடுமை இல்லை. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2870ஆவது பிரிவு, சொந்த நேரத்தில் சொந்தக் கருவிகளை வைத்து உருவாக்கியது ஊழியருக்கே என்கிறது. ஆனால் அங்கேயும், அது கம்பெனியின் தொழிலோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் நாட்டில் எப்படி என்பதை ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.

ஒப்பந்தம் முன் அனுமதி கேட்டால், எச்ஆருக்கு நாலு வரி மெயில் போடுங்கள். 'வார இறுதியில், என் சொந்த லேப்டாப்பில், நம் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சின்ன நிறுவனத்துக்கு டேட்டாபேஸ் ஆலோசனை தர விரும்புகிறேன். அலுவலக நேரத்தையும் கருவிகளையும் தொட மாட்டேன். அனுமதி வேண்டுகிறேன்.' இவ்வளவு போதும். மேனேஜர் வாய்வார்த்தையாக 'பண்ணுங்க, பரவாயில்லை' என்று சொன்னால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வருடம் அந்த மேனேஜரே இருக்க மாட்டார். ஒப்பந்தம் முழுக்கவே தடை செய்தால்? யாருக்கும் தெரியாமல் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். கடன் இருக்கும்போது மாதச் சம்பளத்தைப் பணயம் வைப்பது கணக்குக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. அப்படிப்பட்ட இடத்தில் வெளி வேலை தேடும் நேரத்தை, அதைவிட நல்ல சம்பளத்தில் வேறு வேலை தேடச் செலவிடலாம்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. வேலை விசாவில் இருந்தால் இன்னொரு அடுக்கும் சேரும். அமெரிக்காவின் எச்1பி போன்ற விசாக்கள் குறிப்பிட்ட ஒரு முதலாளிக்காகத் தரப்படுபவை. ராத்திரி வேலையாக இருந்தாலும், இலவசமாகச் செய்துவிட்டுப் பிறகு பணம் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் அது மீறல்தான். இதில் எந்த ஆலோசகர் பேச்சையும் நம்பாமல், என் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். முழு நேர வேலை பார்த்துக்கொண்டே சைடில் எடுத்த வேலை கெட்டுப்போவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். திறமை போதாமல் கெட்டது ரொம்பக் குறைவு. கிளையன்ட்டின் அவசரமும் ஆபீசின் அவசரமும் ஒரே நேரத்தில் வந்துதான் பெரும்பாலும் கெடுகிறது. காலை பதினோரு மணிக்கு நீங்கள் ஸ்பிரிண்ட் பிளானிங் மீட்டிங்கில் இருக்கும்போது அவருடைய பேமென்ட் பக்கம் படுத்துவிடும். எடுக்காவிட்டால் அவர் போய்விடுவார். எடுத்தால், மீட்டிங்கில் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது மியூட்டில் இருப்பீர்கள். இது இரண்டு மாதம் நடந்தால் இரண்டு பக்கமும் பெயர் கெடும்.

அதனால் எந்த வேலை வந்தாலும், பணம் எவ்வளவு என்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் மூன்று நாள் இதைத் தொடாவிட்டால் யாருக்காவது வலிக்குமா? வலிக்கும் என்றால் அது உங்களுக்கான வேலை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இணையதளத்தைப் பராமரிப்பது, எந்நேரமும் கூப்பிட்டால் வர வேண்டிய ஆன்கால், 'எங்கள் டீமில் ஒருவராக இருங்கள்' என்பது, தினசரி ஸ்டாண்ட்அப் மீட்டிங் உள்ளது எல்லாமே இந்தக் கேள்வியில் விழுந்துவிடும். நிறையப் பேர் சொல்லும் 'சொந்தமாக ஒரு ஆப் செய்து விடுங்கள், தூங்கும்போதும் பணம் வரும்' என்பதும் விழும். பயனர்கள் வந்துவிட்டால் அந்த ஆப் தூங்க விடாது.

உங்கள் கையில் இருப்பதோ ஜாவாவும் டேட்டாபேஸும். காத்திருக்கக்கூடிய வேலை இதில் ஏராளம். ஜாவாவில் சர்வர் கோட் எழுத உதவும் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பின் 2.7 பதிப்புக்கான இலவச ஆதரவு 2023இலேயே முடிந்தது. அதற்கடுத்த 3க்குப் போக வேண்டும் என்றால் ஜாவா 17 வேண்டும், ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் பலவும் ஜகார்தா என்று மாற வேண்டும். இன்னும் ஜாவா 8இல் உட்கார்ந்திருக்கும் சின்னக் கம்பெனிகளுக்கு இது எரிச்சலான வேலை. அவர்களுடைய ஆட்கள் புது ஃபீச்சர்களில் மும்முரமாக இருப்பார்கள், இதைத் தொட யாருக்கும் மனம் வராது. ஓடும் கோடைத் தொடாமல் தனி பிராஞ்சில் நடக்கிற வேலை இது. டெஸ்ட் எல்லாம் ஓடினால் முடிந்தது. எப்போது தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் தெளிவு. ஏஐ கருவிகள் இதில் பாதியை இப்போது செய்துவிடுகின்றனவே என்று கேட்பீர்கள். செய்யட்டும், உங்கள் நேரம்தான் மிச்சம். மீதிப் பாதியில்தான் எட்டு வருட அனுபவம் வேலை செய்யும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அப்படித்தான். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம்தான் ஆதரவு. 13ஆவது பதிப்புக்கு 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. ஆக, பதிப்பு உயர்த்தத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை வருடா வருடம் யாருக்காவது இருந்துகொண்டே இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது, மெதுவாக ஓடும் குவெரிகளை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளை, ஆய்வு செய்யும் வேலை. படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு லாகின் வாங்கிக்கொள்ளுங்கள். குவெரிப் புள்ளிவிவரங்களை எடுத்து, அதிக நேரம் தின்னும் இருபது குவெரிகளுக்கு எக்ஸ்பிளெயின் கட்டளை போட்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்து, எந்த இண்டெக்ஸ் வேண்டும், எது தண்டம், எந்தக் குவெரியைத் திருத்தி எழுத வேண்டும் என்று பத்துப் பக்க அறிக்கையாகக் கொடுங்கள். மாற்றங்களை அவர்களே செய்துகொள்வார்கள். புரொடக்‌ஷனில் உங்கள் கை படவில்லை, அதனால் நடு ராத்திரி போனும் வராது.

கற்றுக்கொடுப்பதும் காத்திருக்கும் வேலைதான். சனிக்கிழமை காலை என்று முன்கூட்டியே நேரம் குறித்துவிட்டால் அதை யாரும் கலைப்பதில்லை. மாதிரி நேர்காணல், ஒருவருக்கு ஒருவர் வழிகாட்டல், சின்ன டீம்களுக்குப் பயிற்சி என்று பல வடிவங்கள் உண்டு. பதிவு செய்த கோர்ஸ் போடுவது பலருடைய கனவு. யுடெமி போன்ற தளங்களில், அவர்கள் தேடலில் வந்து ஒருவர் கோர்ஸ் வாங்கினால் ஆசிரியருக்கு 37 சதவீதம், நீங்கள் உங்கள் இணைப்பில் கூட்டிவந்தால் 97 சதவீதம் என்பது கணக்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் தூரமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கூட்டம் உங்களிடம் இருந்தால்தான் காசு. இல்லாவிட்டால் இப்போதைக்கு விடுங்கள்.

மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பணம் தரும் பக் பவுன்ட்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள். இதற்கான தளங்களான ஹேக்கர்ஒன், பக்கிரவுட் இரண்டும் 2012இல் தொடங்கியவை. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பது நல்ல அம்சம். ஆனால் ஒரே ஓட்டையை இரண்டு பேர் கண்டுபிடித்தால் முதலில் சொன்னவருக்குத்தான் பணம். பாதுகாப்புத் துறையில் ஆர்வம் இல்லாமல் கடன் அடைக்க மட்டும் இதில் இறங்கினால் கையில் ஒன்றும் நிற்காது. ஏஐயை வைத்து அறிக்கைகளை எழுதிக் குவிக்கிறவர்கள் வேறு வந்துவிட்டார்கள். கர்ல் என்ற இலவச மென்பொருள் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பர்க் 2025இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே பொரிந்து தள்ளினார்.

எங்கே தேடுவது? முப்பது ப்ரொபோசலுக்கு ஏன் பதில் வரவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். இலான்ஸும் ஓடெஸ்க்கும் இணைந்து 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறிய தளத்தில் ஒரு வேலை விளம்பரம் வந்தால், கொஞ்ச நேரத்திலேயே டஜன் கணக்கில் ஆட்கள் குவிவார்கள். ஒவ்வொரு ப்ரொபோசலுக்கும் கனெக்ட் என்ற டோக்கனைச் செலவழிக்க வேண்டும், அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும். ஃபைவரில் விற்பவரிடமிருந்து 20 சதவீதம் பிடித்துக்கொள்கிறார்கள். மதிப்புரை ஒன்றுகூட இல்லாத புது ப்ரொபைலில் 'ஜாவா டெவலப்பர், எட்டு வருட அனுபவம்' என்று இருந்தால் வாங்குகிறவர் கண்ணில் அது படவே படாது. தளங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைப்பை மாற்றுங்கள். 'ஸ்பிரிங் பூட் 2 லிருந்து 3க்கு மாற்றித் தருகிறேன்', 'போஸ்ட்கிரெஸ் மெதுவாக ஓடினால் காரணம் கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு ப்ரொபோசல் போதும். விளம்பரத்தை முழுக்கப் படித்து, அவருடைய பிரச்சினை பற்றி நீங்கள் கேட்க நினைக்கும் ஒரு நல்ல கேள்வியோடு தொடங்குங்கள்.

ஆனால் என் அனுபவத்தில் முதல் சைடு வேலை தளத்திலிருந்து வருவது அபூர்வம். ஏற்கெனவே உங்கள் வேலையைப் பார்த்தவர்களிடமிருந்துதான் வரும். பழைய மேனேஜர்கள், வேறு கம்பெனிக்குப் போன சக ஊழியர்கள், கல்லூரியில் கூடப் படித்து இப்போது சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், ஃபார்வர்டு மெசேஜ் வேண்டாம். 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்றால் எதிராளிக்கு ஒன்றும் தோன்றாது. 'டேட்டாபேஸ் மெதுவாக ஓடி அவதிப்படுகிற கம்பெனி ஏதாவது தெரியுமா, வார இறுதியில் பார்த்துத் தருகிறேன்' என்றால் உடனே ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். ஒரே எச்சரிக்கை, உங்கள் கம்பெனியின் இன்றைய வாடிக்கையாளர்களை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதில் வருகிற காசைவிட வம்பு பெரிது.

எத்தனை மணி நேரம்? உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் வேலை பேருக்கு 40 மணி நேரம் என்றாலும் ரிலீஸ் வாரத்தில் எவ்வளவு ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எனவே சைடு வேலைக்கு வாரம் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டிலும் பேச்சு, மெயில், இன்வாய்ஸ், ஆள் தேடுவது எல்லாம் போக, காசாகும் நேரம் ஐந்து மணி இருந்தால் அதிகம். விலை சொல்லும்போது இதை மனதில் வையுங்கள். மாதச் சம்பளத்தை மணிக்கணக்காக வகுத்து அதையே கேட்டீர்கள் என்றால் நஷ்டம்தான். அதில் ஒன்றரை மடங்காவது கேளுங்கள். வேலை பழகியபின் மணிக்கணக்கை விட்டுவிட்டு, முழு வேலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். என்னென்ன செய்வேன், என்னென்ன செய்ய மாட்டேன் என்று ஒரு பக்கத்தில் எழுதி மெயிலில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். 'செய்ய மாட்டேன்' பகுதிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். வருகிற பணத்தில் வரிக்கென்று ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, மீதியைக் கடனுக்குக் கட்டுங்கள். சம்பளத்தில் பிடிப்பது போல இதில் யாரும் முழு வரியையும் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள்.

கருவிகள் விஷயத்தில் கொஞ்சமும் சமரசம் வேண்டாம். சொந்த லேப்டாப், சொந்த கிட்ஹப் கணக்கு, சொந்தக் காசில் ஏஐ கருவி. ஆபீஸ் உரிமத்தில் உள்ள கோபைலட்டை வைத்து வெளி கிளையன்ட்டுக்குக் கோட் எழுதினால், அந்தத் தடயம் ஆபீஸ் பதிவில் இருக்கும். ஆபீசில் எழுதிய ஒரு சின்ன யுட்டிலிட்டி கிளாஸைக்கூட அங்கிருந்து இங்கே கொண்டுவராதீர்கள்.

உங்கள் நண்பர் கேட்டதற்கு வருகிறேன். தினமும் இரவு மூன்று மணி நேரம் என்றால் வாரத்துக்குக் குறைந்தது பதினைந்து. நேராக 55ஐத் தொட்டுவிடும். அவருடையது புதுக் கம்பெனி, எல்லாமே அவசரமாகத்தான் இருக்கும். மூன்று நாள் தொடாவிட்டால் வலிக்குமா என்ற கேள்வியில் இது தோற்றுவிடுகிறது. ஆனால் அவர் உங்களைத் தேடி வந்திருக்கிறார், உங்கள் வேலையை அறிந்தவர். அதை வீணாக்க வேண்டாம். அவர் செய்யும் தொழில் உங்கள் கம்பெனிக்குப் போட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எச்ஆர் அனுமதியும் வந்த பிறகு, இப்படி எழுதலாம்:

'தினமும் ராத்திரி உட்கார என்னால் முடியாது, ஆபீசில் ரிலீஸ் வந்தால் உன்னை நடுவில் விடுவேன். வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். உன் டேட்டாபேஸை முழுக்கப் பார்த்து, ஆறு மாதத்தில் எங்கே அடைக்கும், இப்போதே எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அறிக்கை தருகிறேன். நாலு வாரம் ஆகும். அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை உன் பசங்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதிய கோடைப் பார்க்கிறேன். அவசர அழைப்பு மட்டும் கிடையாது. தொகை இவ்வளவு, பாதி முன்னால்.'

இல்லை, ராத்திரி ராத்திரி ஆள் வேண்டும் என்று அவர் சொன்னால், அவருக்குத் தேவை முழு நேர ஊழியர். உங்களுக்குத் தெரிந்து யாராவது வேலை தேடிக்கொண்டிருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு நம்பரை நண்பருக்கு அனுப்பிவையுங்கள்.